பந்து வராத பக்கம் ஓடியவன்

1937 பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் எழுந்தேன். பாயை மடித்துச் சுவரோரம் சாய்த்து, தலையணையை அதன்மேல் வைத்தேன். கிணற்றடியில் முகம் மழித்துக் குளித்துவிட்டு வந்தபோது, நான் மடித்த பாயை என் தங்கை அஞ்சலை பிரித்துப் போட்டு மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். பாகூருக்கு வந்த நாள் முதல் தினமும் இதுதான் நடக்கிறது. விருந்தாளி தன் பாயைத் தானே மடித்தால் வீட்டுக்காரிக்கு இழுக்கு என்பது அவள் கட்சி. நான் இதே ஊரில் பிறந்தவன், விருந்தாளி இல்லை என்பது என் கட்சி. பெற்றோர் போன பிறகு ஊரில் எனக்கு இருக்கும் ஒரே வீடு அவள் புகுந்த வீடுதான் என்பதால், வழக்கு தினமும் அவள் பக்கமே தீர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஒஹையோவில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் இத்தனை வருஷமாக என் படுக்கையை வேறொருவர் தொட்டதில்லை. அதை ஒரு சௌகரியம் என்று நான் கடிதங்களில் பெருமையாக எழுதியதுண்டு.

பழைய சோறு சாப்பிட்டேன். சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். பிறகு பந்தை எடுத்துக் காற்று சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். அன்று பிற்பகல், அறுவடை முடிந்த எங்கள் கழனியில், பாகூர் ஆட்களுக்கும் வில்லியனூர் ஆட்களுக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பிரெஞ்சு இந்தியாவில் இதற்கு முன் யாரும் இதை ஆடியதாக நான் கேள்விப்படவில்லை. நம் ஊர்க்காரர்களும், என்னைப்போல் கடல் தாண்டிப் போய்ப் பிழைப்பவர்களும் படிக்கட்டும் என்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வாலிபனாகப் புதுச்சேரியில் கப்பலேறி, மார்சேய் வழியாக அமெரிக்கா போனவன். ஒஹையோவில் ஓர் இரும்பு வார்ப்பாலையில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். ஆலைத் தொழிலாளிகளுக்கு ஒரு கால்பந்துக் குழு உண்டு. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையால் எறிந்து, கையால் பிடித்து, எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். குழுவின் ஓரத்தில் வில்லி என்று ஒருவன் நிற்பான். ஆட்டம் தொடங்கியதும் அவன் வேறெதையும் பார்க்காமல் எதிரிகளைத் தாண்டி நேரே தூரமாக ஓடிவிடுவான். பந்து அவனுக்கு எப்போதாவது ஒன்று வரும். மற்ற நேரமெல்லாம் வெறும் ஓட்டம். சும்மா ஓடுகிறவனுக்கு எதற்கு ஓர் இடம் என்று, வேடிக்கை பார்க்கையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவரைக் கேட்டேன். அவர் புகையிலையைத் துப்பிவிட்டு, “மற்றவர்களைப் பார்” என்றார். மற்றவர்களெல்லாம் வாய் மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்கிறார் என நினைத்து, அந்தக் குளிர்காலம் முடியும்வரை நான் அவரிடம் வாய் திறக்கவில்லை. வில்லியின் கூட ஆடுகிற மற்றவர்களைப் பார் என்று அவர் சொன்னது எனக்கு அடுத்த வருஷம்தான் விளங்கியது. வில்லி ஓடும்போது எதிரிகளில் இரண்டு பேர் பயந்துகொண்டு அவன் பின்னால் போகிறார்கள். அவர்கள் காலி செய்த இடத்தில், சாதாரண வேகக்காரன் ஒருவன் சாவகாசமாக நின்று கிட்டத்திலேயே பந்தைப் பிடித்துக்கொள்கிறான். பந்து வந்தால் என்ன ஆகுமோ என்ற பயம்தான் வில்லி செய்யும் வேலை.

இந்த முறை ஊருக்கு வரும்போது ஒரு பந்தைக் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறந்ததும் என் மச்சான் கோவிந்தசாமி, அஞ்சலையின் புருஷர், அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா மச்சான், பந்து சப்பிப்போய்க் கெடக்குது? கப்பல்ல யாராவது மேல குந்திட்டாங்களா?” என்றார். உரிக்காத தேங்காய் போலத்தான் அது இருக்கும் என்று நம்பவைக்கவே ஒரு பொழுது ஆயிற்று. அறுப்பு முடிந்து ஆட்களுக்கு ஓய்வு இருந்த காலம். மாடுகளை விட்டு அறுத்த நெல்தாளை மிதிக்கச் செய்து கழனியைச் சமப்படுத்தினோம். விதிகளை நான் வெட்டிச் சுருக்கினேன். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்து வைத்திருப்பவனைக் கட்டிப் பிடித்தால் அந்த எறி முடிந்தது. கடைசி வரப்பைத் தாண்டினால் ஒரு பழம். மூன்று பழம் முதலில் எடுத்தவர் வெற்றி. சடுகுடு ஆடி வளர்ந்தவர்களுக்குக் கட்டிப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மிக வேகமாக ஓடுபவன் கோவிந்தசாமியின் கடைசித் தம்பி ஏழுமலை. இருபத்தேழு வயது. ஏரிக்கரையில் அவன் ஓடினால் நாய்கள் துரத்துவதை விட்டுவிடும். ஆனால் அவன் கையில் எதுவும் நிற்காது. வில்லியனூரில் ஓர் உறவுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியபோது, பாயச வாளியைத் தணிகாசலம் என்பவரின் மடியில் கவிழ்த்துவிட்டான். தணிகாசலம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். ஊரில் அவரைச் சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றே அழைப்பார்கள். வாளி நழுவிய நேரத்தில் ஏழுமலையின் கண் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த வேதவல்லி என்ற பெண்மேல் இருந்தது. இதை அவன் தன் அண்ணி அஞ்சலையிடம் மட்டும் சொல்லியிருந்தான். வேதவல்லியைக் கேட்டுப் போனார்கள். தகப்பன் இல்லாத பெண், தாய்க்குச் சம்மதம், ஆனால் முடிவு தாய்மாமன் கையில். அந்தத் தாய்மாமன்தான் சொல்தா. “வாளியப் புடிக்கத் தெரியாதவன் இன்னா குடும்பத்தப் புடிச்சி நிறுத்தப் போறான்?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு அறுப்பு ஆகிவிட்டது. ஏழுமலை வேறு பெண்ணைப் பார்க்கவும் ஒப்பவில்லை.

எங்கள் ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வந்த வில்லியனூர்க்காரர்கள் நாங்களும் வருகிறோம் என்றார்கள். பழகிப் பார்க்கப் பந்தை வாங்கிப்போனார்கள். பாகூரிலிருந்து வில்லியனூர் போகும் வழியில் கொஞ்ச தூரம் பிரிட்டிஷ் சர்க்கார் பூமி குறுக்கே வரும். அங்கே சுங்கச் சாவடிக் காவலர் பந்தைக் குலுக்கினார், மோந்தார், உள்ளே என்ன கடத்துகிறீர்கள் என்று கேட்டார். காற்று என்றார்களாம். எந்த ஊர்க் காற்று என்று அவர் கேட்டாராம். கடைசியில் வண்டியை விட்டு இறங்கி அவர் எதிரிலேயே எறிந்து பிடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவரும் இரண்டு தரம் எறிந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார். வில்லியனூருக்குத் தலைவர் சொல்தா என்று செய்தி வந்த அன்று ஏழுமலைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எதிரில் ஒரே ஒரு பந்தைப் பிடித்துக் காட்டிவிட்டால் போதும், இல்லையென்றால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று என்னிடம் சொன்னான்.

ஞாயிறு பிற்பகல் கழனியைச் சுற்றி வரப்பெல்லாம் ஜனம். பந்து எறிபவன் நான். முதல் எறியிலேயே ஏழுமலையை நேரே ஓடச் சொன்னேன். வில்லியனூர் ஆட்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் எல்லாரையும் தாண்டிவிட்டான். அவனுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி திரும்பலாம். என் கைக்கு எட்டியமட்டும் எறிந்தேன். பந்து அவனிடம் சரியாகப் போயிற்று. நெஞ்சில் பட்டு, கையில் பட்டு, முழங்காலில் பட்டுக் கீழே விழுந்தது. “பாயசம் போச்சுடா” என்று வரப்பிலிருந்து ஒரு குரல். இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர் மட்டும். சொல்தா இடுப்பில் கைவைத்து, ஏழுமலை கடந்து போன தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் ஆட்களில் பலசாலியான ஒருவனைக் கூப்பிட்டார்.

அடுத்து அவர் செய்தது ஒஹையோவில் யாரும் செய்யாத காரியம். சடுகுடுவில் பாடி வருபவனை வளைக்க இரண்டு பேர் கைகோத்து நிற்பது நம் வழக்கம். வளைக்க வேண்டிய ஆள் என்று ஒருவனைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை தானாகப் பக்கத்து ஆளின் கையைத் தேடும். சொல்தாவும் அந்தப் பலசாலியும் கைகோத்துக்கொண்டு ஏழுமலைக்கு எதிரே வந்து நின்றார்கள். அவன் ஓடினால் கையை விடாமலே பின்னால் ஓடினார்கள். கைகோத்த இரண்டு பேர் எவ்வளவு வேகமாக ஓட முடியும்? நரைத்த மீசையும் கட்டிய முண்டாசுமாகச் சொல்தா ஏழுமலையின் பின்னால் இழுபட்டுப் போன காட்சியை நினைத்தால் இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் முட்டாள் இல்லை. ஏழுமலையைத் தனியாக விடப் பயந்தார். பயப்பட வேண்டிய ஆள்தான் அவன். இரண்டு பேர் அவனோடு போய்விட்டதால் மிச்சமிருந்த ஐந்து பேர் எங்கள் ஆறு பேரைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு எறிக்கும் எங்களில் யாராவது ஒருவர் காவல் இல்லாமல் நிற்பார். பெரும்பாலும் அது கோவிந்தசாமி. அவருக்குத் தொந்தி உண்டு, ஓட்டம் கிடையாது, ஆனால் கை நல்ல கை. கிட்டத்தில் மெதுவாக எறிந்தால் வாங்கிக்கொண்டு, எருமை தண்ணீருக்குப் போவதுபோல நடையிலேயே வரப்பைத் தாண்டினார். வில்லியனூரும் லேசுப்பட்டதல்ல. அவர்கள் முறையில் பந்தைக் கொண்டுபோனவனை எங்களால் கட்டிப் பிடித்து மாளவில்லை. இரண்டு பழத்துக்கு இரண்டு பழம் என்று நின்றது.

அவர்கள் பக்கத்துப் பையன்கள் சொல்தாவிடம் வந்து, அவனை விட்டுவிடுங்கள், அவனுக்குத்தான் பிடிக்கத் தெரியாதே என்று கெஞ்சினார்கள். எங்களுக்குக் கேட்கும்படியாகவே அவர் பதில் சொன்னார். “புடிக்க மாட்டான்னு நீ எனக்கு எழுதிக் குடுப்பியாடா?”

ஏழுமலை என்னிடம் வந்தான். மூச்சு வாங்கியது.

“இன்னா மாமா, நான் சும்மா ஓடிகினே கீறேன். ஒரு பந்துகூட வர்ல.”

“வந்தா மட்டும் இன்னா பண்ணுவ?” என்றார் கோவிந்தசாமி.

“நீ வாயேன் அண்ணே, நீ ஓடு பாக்கலாம்.”

நீ ஓடுவதால்தான் உன் அண்ணன் தனியாக நிற்க முடிகிறது என்று விளக்கினேன். வில்லியைப் பற்றியும் சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. “அந்த வில்லிக்குப் பொண்ணு குடுக்கறவரு அங்க பாத்துகினா இருந்தாரு?” என்று கேட்டான். சரி, அடுத்தது உனக்குத்தான், ஓடு என்றேன்.

சொன்னபோது அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். பந்து என் கைக்கு வந்தது. ஏழுமலை ஓடினான், அன்றைக்கு அதுவரை ஓடாத ஓட்டம். சொல்தாவும் பலசாலியும் கையைக் கோத்தபடி பின்னால். அவர்கள் ஓடுவதைப் பார்த்து மூன்றாவது ஆளும் பொறுக்காமல் அந்தப் பக்கம் பாய்ந்து அவர்களோடு கைகோத்துக்கொண்டான். கழனியின் இந்தப் பாதி வெறிச்சோடிக் கிடந்தது. அதன் நடுவில் கோவிந்தசாமி மேல்துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நின்றார். என் கை தூரத்துக்கு ஓங்கியது, கிட்டத்தில்தான் எறிந்தது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தை வாங்கினார். நடந்தார். மூன்று பழம்.

பாகூர் முழுவதும் கோவிந்தசாமியைத் தூக்க முயன்று, பாதியில் இறக்கிவிட்டது. நான் எதிர்க்கோடிக்குப் போனேன். ஏழுமலை முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் வரப்பின்மேல் சொல்தா கால் நீட்டி உட்கார்ந்து, முண்டாசை அவிழ்த்து விசிறிக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே கவலை. ஆட்டத்தை ஜெயித்து, பையனின் வாழ்வைத் தோற்றுவிட்டேனோ என்று நினைத்தேன்.

“ஏம்பா,” என்றார் அவர் ஏழுமலையிடம், “பந்துதான் உனக்கு வர்லியே. கடசி வரைக்கும் எதுக்குடா இந்த ஓட்டம் ஓடுன?”

“ஓடுனாத்தான் எங்க அண்ணனுக்கு எடம் கெடைக்கும்னு மாமா சொன்னாரு. ஓடுனேன்.”

சொல்தா என் பக்கம் திரும்பினார். “அல்லாரும் பந்தப் பாத்தாங்க. நான் இவன் முதுகப் பாத்தேன். எனக்கு இல்ல தெரியும் இவன் இன்னா பண்ணான்னு. தனக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சும் வூட்டுக்காக ஓடறான். எங்க வூட்டுப் பொண்ணுக்கு வேற இன்னா வேணும்? வர்ற வெள்ளிக்கிழம வந்து தட்டு மாத்திக்கினு போங்க.” எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். “ஒண்ணு மட்டும். கல்யாணப் பந்தியில இவன வாளி தூக்க வுடாதீங்க.”

ஏழுமலை அப்போதும் நிமிரவில்லை. ஆனால் அவன் தோள் குலுங்கியது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை தட்டு மாற்றும்போது நான் இருக்கமாட்டேன். என் கப்பல் செவ்வாய்க்கிழமை. மாலையில் அஞ்சலை முறத்தை வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தபோது இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். இந்த வீட்டின் நல்லது கெட்டது எதிலும் நான் வந்து நின்றதில்லை, என்னால் உங்களுக்கு என்ன பிரயோசனம் என்றேன். அவள் கல்லைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தாள். மேற்குக் கழனிக்காரர்கள் இரண்டு பேர் வருஷா வருஷம் வரப்பை நம் பக்கம் தள்ளப் பார்ப்பார்களாம். பிறகு தாங்களாகவே நிறுத்திவிடுவார்களாம். “அமெரிக்காவுல அண்ணன்காரன் கீறான், எப்ப வருவானோ, வந்தா இன்னா பண்ணுவானோன்னு அவங்களுக்கு ஒரே ரோசனை. நீ ஒரு நாளும் வந்து கேட்டதில்ல. அவங்க உன்னியே பாத்துகினு கீறாங்க. உன் மச்சான் நிம்மதியா ஏர் ஓட்றாரு” என்றாள். அரிசியைப் புடைத்து முடித்து எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் விடியலில் வாசலில் ஏழுமலையின் குரல் கேட்டது. பாயை மடிக்காமல் அப்படியே விட்டு வெளியே வந்தேன். அவன் கையில் பந்து இருந்தது. “நேத்து எனக்கு வரவேண்டியது ஒண்ணு பாக்கி கீது மாமா. அத நான் உங்களுக்குத் தரேன். ஓடுங்க” என்றான். நாற்பத்தாறு வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழனியில் பனி ஈரம் காயாத தாளின்மேல் கிழக்கே பார்த்து ஓடினேன். கால் ஓடியது கடல் இருக்கும் பக்கம். கழுத்து மட்டும் திரும்பி வீட்டைப் பார்த்தபடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.