நாற்பதாவது டிக்கெட்

சாம்பிராணி வாசனை...

கப்பலில் இருந்து இறங்கி, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், மெக்சிகோ நாட்டுக் காட்டுவழி ஒன்றில் கால் வைத்ததும் முதலில் மூக்கில் ஏறியது அதுதான். எம்.ரெட்டியபட்டி பக்கத்தில் எங்கள் மாதா கோவிலில் பெரிய பூசைக்குப் புகைப்பார்களே, கிட்டத்தட்ட அதே வாசனை. ஒரு நிமிஷம் எங்கே நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. டூரிஸ்ட் கப்பலில் என்னுடைய முதல் கான்ட்ராக்ட். நாலு மாதம் அடித்தட்டில் பாத்திரம் கழுவினேன். அங்கே ஜன்னல் கிடையாது. பகலா இருட்டா என்பதைக் கடிகாரம்தான் சொல்லும். அப்புறம் மேல்தட்டு வேலை கிடைத்தது. பயணிகள் கரை இறங்கிச் சுற்றிப் பார்க்கப் போனால், தண்ணீரும் சாண்ட்விச்சும் சுமந்துகொண்டு நானும் கூடப் போகலாம். வெளிச்சத்தைப் பார்த்ததே எனக்குப் பெரிய ப்ரமோஷன்!

அன்றைக்குப் போனது மாயா மக்கள் கட்டிய பழைய கோவில் நகரம். படிப்படியாக மேலே ஏறுகிற கல் கோபுரம். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் தரை, முள்ளுக்காடு. அந்தப் பக்கம் ஆறே கிடையாதாம், எல்லாம் மழையை நம்பித்தானாம். எங்கள் வறண்ட நரிக்குடிப் பக்கம் போய் இறங்கின மாதிரி இருந்தது.

நாற்பது பேருக்கு நாற்பது டிக்கெட், என் கையில். பூப்போட்ட தொப்பி வைத்த ஒரு பயணி அம்மா மட்டும், வெயில் ஆகாது, ஏசி பஸ்ஸிலேயே இருந்துகொள்கிறேன், என் டிக்கெட்டை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் புகை கேட் பக்கத்தில் இருந்துதான் வந்தது. கழுத்தைச் சுற்றிப் பூவேலை செய்த வெள்ளை உடுப்பு, வெறுங்கால், கையில் புகைகிற மண்சட்டி. அந்த ஊர்க்கார அம்மா ஒருவர், என் அம்மா வயது இருக்கும். உள்ளே போக வேண்டும் என்று அவர் கேட்க, டிக்கெட் எங்கே என்று வாட்ச்மேன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அவர் மடியில் இருந்து ஒரு மக்காச்சோளக் கதிரை எடுத்தார். உரித்துக் காட்டினார். உள்ளே ஒரு மணி இல்லை. வானத்தைக் காட்டினார். அப்புறம் கோபுரத்தைக் காட்டினார்.

இதை மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா? கண்மாய் வறண்டு, கம்பு மணி பிடிக்காமல் சாவியாகிப் போன வருஷங்களைப் பார்த்தவன் நான். மழை கேட்க வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதே நேரம் உள்ளே எங்கள் கைடு மைக்கைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்... இந்த நகரத்தைக் கட்டிய மக்கள் அடியோடு மறைந்துவிட்டார்கள், எங்கே போனார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது என்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கேயய்யா போனார்கள்? இந்தா, கேட்டுக்கு வெளியே நிற்கிறார்களே! சுவரில் செதுக்கி வைத்த முகத்தின் மூக்கும் இவர் மூக்கும் ஒன்று. இவர் கோவிலுக்குள் இவருக்கு வழி இல்லை. மேலே ஏறினவர்களோ சாமிக்குப் படைக்கிற கல்லில் குந்திக்கொண்டு, நான் சுமந்து வந்த சாண்ட்விச்சைத் தின்கிறார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. பையில் மிச்சம் இருந்த டிக்கெட்டை அவர் கையில் வைத்தேன்.

உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். கோபுரத்தின் அடியில் ஒரு சின்னக் கல் அறை. கதிரை வைத்து, சட்டியை வைத்து, வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். நான் ஷூவைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றேன். எங்கள் மாதா கோவிலுக்குள்ளும் நாங்கள் செருப்புப் போட மாட்டோம், அந்தப் பழக்கம். எனக்குத் தெரிந்த ஜெபத்தை நானும் சொன்னேன். போகும்போது சாம்பல் பட்ட கையால் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அரைமணி கழித்துத் தொப்பிக்காரம்மா இறங்கி வந்துவிட்டார். போட்டோ எடுக்கணுமாம். என் டிக்கெட் எங்கே என்றார். நடந்ததைச் சொன்னேன். ஒரே சத்தம்.

கைடு வந்து வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார். டிக்கெட் இல்லாமலே கேட் திறந்தது!

ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் கப்பலுக்குத் திரும்பியதும் சூப்பர்வைசர் என் மேல் இரண்டு குற்றம் எழுதினார். பயணியின் டிக்கெட்டை வெளியாளுக்குக் கொடுத்தது ஒன்று. யூனிஃபார்மில் வெறுங்காலோடு நின்றது இன்னொன்று. வெளியாளாம்! அந்த இடத்தில் வெளியாள் இல்லாதவர் சட்டியோடு வந்த அந்த அம்மா ஒருவர்தான். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. சொல்லாததற்கு இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம்.

மறுபடி அடித்தட்டு, பாத்திரம். கான்ட்ராக்ட் முடிகிற வரைக்கும் கரை இறங்கக் கூடாது.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வேலை போயிருந்தால் என்ன ஆயிருக்கும் என்று திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவுக ஊர்ல மழை பேஞ்சுச்சாய்யா?"

எனக்கு என்ன தெரியும்? ஜன்னல் இல்லாத இடத்தில் அல்லவா என்னைப் போட்டு வைத்திருந்தார்கள்.

போன வாரம் என் அக்கா மகன் சென்னையில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினான். அவனும் அவன் மனைவியும் கப்பலில் சுற்றுலா போகிறார்களாம். என் காலத்தில் கையில் கசங்கின காகிதம், இப்போது எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. ஆனால் விளம்பரத்தில் போட்டிருந்த வரி... 'மறைந்துபோன மக்களின் மர்ம நகரம்'. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அதே பொய்!

உடனே போன் போட்டேன்.

"ஏலே, அந்தக் கோவிலுக்கு டிக்கெட்டு மூணாப் போடு."

"நாங்க ரெண்டு பேருதான மாமா போறோம்? இன்னொண்ணு யாருக்கு?"

"கேட்டுக்கிட்ட யாராச்சும் சட்டியோட நிப்பாக. அவுக கையில குடுத்துரு. குடுத்துட்டு, மழை பேஞ்சுச்சான்னு கேட்டுட்டு வா. உங்க அம்மாச்சி கண்ண மூடுற வரைக்கும் அவுகளுக்கு நான் பதில் சொல்லலய்யா."