முதுகு திறக்கும் சீட்டு

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். தையல்காரி என்பதால் பாதி. ஒடிசலான ஆள், இருக்கிற இடமே தெரியாது என்பதால் மீதி. “ஊசி விழுந்தாலாவது சத்தம் கேக்கும். இவங்க வந்தா அதுகூடக் கேக்காது” என்று சலவைக்காரர் சொல்லிச் சிரிப்பார். அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு பெயர் தேவையா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வாசல் பலகையில் ‘துணையோடு வாழும் முதியோர் குடியிருப்பு’ என்று எழுதியிருந்தது. இல்லம் என்று யாராவது சொன்னால் மேலாளரம்மாவுக்குப் பிடிக்காது. “இல்லத்துல கொண்டுவந்து விடுவாங்க. இங்க வந்து குடியிருக்காங்க” என்பார். தானே எழுந்து நடமாடுகிறவர்களுக்குக் கீழ்த்தளம். படுக்கையோடு இருப்பவர்களுக்கு மாடி.

தையலறை சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு மிஷின், ஒரு மேசை, எப்போதும் ஈரச்சூடு. துணிகள் மாறிப்போகாமல் இருக்கக் கழுத்துப் பட்டியில் அறை எண் தைப்பது, பட்டன் வைப்பது, நைந்த எலாஸ்டிக்கை மாற்றுவது என்று வேலைக்குக் குறைவில்லை. அவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. அதை அங்கே ‘முதுகு திறக்கிறது’ என்பார்கள். கையைத் தூக்க முடியாதவர்களுக்குத் தலைவழியாகத் துணி மாட்ட முடியாது. அதனால் அவர்களுடைய சட்டை, நைட்டி எல்லாவற்றையும் முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து கடைசிவரை கத்தரித்து, ஓரத்தை மடித்துத் தைத்து, மூன்று இடத்தில் நாடா வைக்கவேண்டும். படுத்திருப்பவருக்கு முன்பக்கமாகப் போட்டு, புரட்டி, பின்னால் முடிந்துவிடலாம். ஒரே பணிப்பெண் இரண்டு நிமிடத்தில் உடுத்திவிடுவாள்.

அதற்கான உத்தரவு பெரிய நர்ஸிடமிருந்து மஞ்சள் சீட்டில் வரும். அதில் ஆள் பெயர் இருக்காது. அறை எண், எத்தனை உருப்படி, ‘முதுகு’ என்ற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சீட்டு வந்து இரண்டொரு நாளில் அந்த எண்ணுக்குரியவர் மாடிக்குப் போய்விடுவார். பெற்ற பிள்ளைகளுக்குத் தெரிவதற்கு முன்பே ஊசிக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருடத்தில் எத்தனை முதுகைத் திறந்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. திறந்ததை மூடித் தைக்கச் சொல்லி மட்டும் ஒரு சீட்டும் வந்ததில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்குத் தன் அக்காவை அவளே கூட்டிவந்தாள்.

அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. தபால் பிரிக்கும் வேலையில் முப்பத்தெட்டு வருடம் நின்றவள். அப்பா போனபோது அவளுக்கு இருபத்திரண்டு, தங்கைக்குப் பதினொன்று. அக்கா வேலைக்குப் போனாள். படுத்துவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கை பள்ளிக்கூடத்தை விட்டாள். அம்மாவும் போன பிறகு சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கச் சேர்ந்தாள். நடுவில் அவளுக்கு ஒரு கல்யாணமும் நடந்தது. நான்கு வருடத்தில் கணவர் போய்ச் சேர்ந்தார். பெட்டியோடு வாசலில் வந்து நின்ற தங்கையைப் பார்த்து, “விலாசம் சரியில்லன்னு திரும்பி வந்த தபால் மாதிரி வந்து நிக்கிறியே, உள்ள வா” என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவள் நாக்குக்குப் பயந்து மாப்பிள்ளைகள் தெருமுனையோடு திரும்பிவிட்டதாக அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அக்காவின் வேதம். தங்கைக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, ஊசி வேலைக்குக் கிளம்பிய பத்தாவது நிமிடம், அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். சாயங்காலம் ஊசி கதவைத் திறந்தபோது வீடெல்லாம் தண்ணீர். அக்கா சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“வந்துட்டியா? முதல்ல அந்தக் குழாயை மூடு” என்றாள்.

எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பில் பலம் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து மறுபடி விழுந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஊசி பக்கத்தில் இருந்தாள். அதிலிருந்து தையலறையில் ஏதாவது விழுந்து சத்தம் கேட்டால் அவள் கால் மிஷின் பெடலிலிருந்து தானாக எழும்பும். நேராக ஓடவேண்டிய தையல் கோணிக்கொண்டு போகும். கடைசியில் மேலாளரம்மாதான் சொன்னார்: “ஒரு மாசம் இருந்து பாக்கட்டும். பிடிச்சா இருக்கட்டும், பிடிக்கலன்னா கூட்டிட்டுப் போங்க. நீங்களும் இங்கதானே இருக்கீங்க?”

அக்காவுக்குக் கீழ்த்தளத்தில் ஒன்பதாம் அறை கிடைத்தது.

நல்லதை நல்லது என்றுதான் சொல்லவேண்டும். தரை சொரசொரப்பாக இருந்தது. குளியலறையில் மூன்று கைப்பிடிகள். கட்டில் பக்கத்தில் ஒரு கயிறு. இழுத்தால் யாராவது ஓடிவந்தார்கள், சில நேரம் ஓடாமல் நடந்து வந்தார்கள், ஆனால் வந்தார்கள். வேளைக்குச் சூடான சாப்பாடு, வேளைக்கு மாத்திரை. சீட்டாட ஒரு பழைய பஸ் டிரைவர் கிடைத்தார். “வண்டியை எப்படி ஓட்டினீங்களோ தெரியல, சீட்டை நல்லா மறைச்சு ஓட்டுறீங்க” என்று அக்கா அவரை வம்புக்கு இழுத்தாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஊசி போய்ப் பார்ப்பாள். காலையில் எட்டிப் பார்த்த அக்காவை மத்தியானமே மறுபடி உயிரோடு பார்க்க முடிந்தது. அது ஒன்றே போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

முதல் வாரம் அக்கா ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இல்லையே என்று கேட்டாள். ஐந்தரை மணிக்கு எழுப்பிக் குளிக்கச் சொன்னதற்கு, “கறக்குற மாட்டைக்கூட இப்படி எழுப்ப மாட்டாங்க” என்றாள். “பாப்பா, வாயத் திறங்க” என்று மாத்திரையை நீட்டிய சின்னப் பணிப்பெண்ணிடம், “யாருடி பாப்பா? உங்கம்மாவுக்கு வேலை கத்துக்குடுக்கிற வயசு எனக்கு” என்றாள். சலவைக்கூடம்வரை செய்தி வந்தது. ஊசி தலையைக் குனிந்துகொண்டாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அக்கா அக்காவாகத்தான் இருக்கிறாள்.

இரண்டாவது வாரத்தின் நடுவில் அந்தச் சத்தம் நின்றது. மத்தியானம் போனால் அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பணிப்பெண் வந்தாள். “பாப்பா சாப்பிட்டாச்சா?” அக்கா, “ஆச்சும்மா” என்றாள். சிரிக்கவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அறுபது வருடத்தில் ஊசி பார்த்ததே இல்லை.

மாதம் முடிகிற வாரத்தில் ஒரு சாயங்காலம் மேலாளரம்மா வராந்தாவில் அவளை நிறுத்தினார். “உங்க அக்கா நல்லா செட்டாயிட்டாங்க.”

அந்த வார்த்தையை ஊசி வெகுநாளாகக் கேட்டுவருகிறாள். அலுவலகச் சுவரும் தையலறைச் சுவரும் ஒன்று. பிள்ளைகளுக்குப் போன் போகும்போதெல்லாம் ‘செட்டாயிட்டாங்க’ என்பது கேட்கும். ஆறாம் அறை டீச்சர் செட்டாகி ஒன்றரை மாதத்தில்தான் அவருடைய ஏழு நைட்டிகளும் மேசைக்கு வந்தன.

மறுநாள் மத்தியானம் அக்காவைத் தோட்டத்துப் பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள்.

“மாத்திரை ஏதாவது புதுசா குடுக்கிறாங்களாக்கா?”

“இன்னும் இல்ல. குடுக்க வைக்கக் கூடாதுன்னுதான் வாயை மூடியிருக்கேன்.” அக்கா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “ஒரு நோட்டு வச்சிருக்காங்கடி. குளிக்க மாட்டேன்னா எழுதுவாங்க. கத்தினா எழுதுவாங்க. டாக்டர் வந்து நோட்டைப் பாப்பாரு, ஆளைப் பாக்க அவருக்கு நேரம் இல்ல. தூங்கறதுக்கு ஒரு மாத்திரை எழுதுவாரு. அதைப் போட்டா பகல்லயும் தூக்கம். தூக்கத்துல நடந்தா தடுமாறும். தடுமாறினா விழும். விழுந்தா மேல.”

“யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? முப்பத்தெட்டு வருஷம் பிரிச்சிருக்கேன். இந்தப் பொட்டியில விழுந்தது அடுத்து எந்தப் பைக்குப் போகும்னு எனக்குத் தெரியாதா? அந்த டீச்சர் போன வழி இதுதான். பஸ் டிரைவர் ஒண்ணொண்ணா சொன்னாரு.”

டீச்சரின் ஏழு நைட்டிகள் ஊசியின் கண்முன் வந்தன. ஒன்றில் சின்ன ஊதாப் பூக்கள். பூக்களின் நடுவே கத்தரி போனது.

“கெட்டவங்க இங்க யாருமில்லடி. அதான் பயமா இருக்கு. நாப்பது பேருக்கு ஒரு நர்ஸ், அவ என்ன செய்வா? அவங்கவங்க வேலையை அவங்கவங்க ஒழுங்காதான் பாக்குறாங்க. முத்திரை குத்துறவன் குத்துவான், மூட்டை கட்டுறவன் கட்டுவான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவேன்ல? இங்க வாயுள்ள பிள்ளை மாடிக்குப் போகும்.”

“சனிக்கிழமையோட மாசம் முடியுது. வீட்டுக்குப் போயிடலாம்கா.”

அக்கா செருப்பு நுனியால் தரையில் ஒரு கோடு இழுத்தாள்.

“அன்னைக்கு விழுந்தேனே, உங்கிட்ட ஒண்ணு சொல்லல. கையில குவளை இருந்துச்சு. கீழ்வீட்டுக்குக் கேக்கட்டும்னு தரையில தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன். அவங்களுக்குக் கேட்டுச்சு.”

“கேட்டும் வரலியா?”

“வெளக்குமாத்துக் கட்டையால கூரையில திருப்பித் தட்டினாங்க. சத்தம் போடாதேன்னு.” அக்கா சிரித்தாள், இது பழைய சிரிப்பு. “நானும் தட்ட, அவங்களும் தட்ட, கொஞ்ச நேரம் கச்சேரி நடந்துச்சு. அப்புறம் நான் நிறுத்திட்டேன். குழாய்த் தண்ணி காதுகிட்ட வந்து வந்து போச்சு. நீ வர்றதுக்குள்ள நான் நாலு தடவை செத்தேன்டி. இன்னொரு தடவை அந்தத் தரையில கிடக்க என்னால ஆகாது. நீ வேலையை விட்டுட்டு என்னைக் காவல் காக்கவும் முடியாது. அங்க உடம்புக்குப் பயம். இங்க வாய்க்குப் பயம். வாயை நான் பாத்துக்குவேன்.”

பிறகு தங்கையின் கையைப் பிடித்தாள். “ஆனா ஒண்ணு. மஞ்சச் சீட்டு முதல்ல உன் மேசைக்குத்தானே வரும்? ஒன்பதுன்னு எழுதி வந்துச்சுன்னா, துணியில கத்தரி வைக்காதே. அன்னைக்கே என்னைக் கூட்டிட்டுப் போயிடு. எந்த நிலையில இருந்தாலும் சரி. வீட்டுத் தரையானாலும் சரி.”

ஊசி தலையை ஆட்டினாள். “வாயால சொல்லு” என்றாள் அக்கா. “கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

சீட்டு முதலில் தன் மேசைக்குத்தான் வரும் என்று நம்பி, அக்கா அங்கேயே இருப்பதற்குச் சனிக்கிழமை ஊசி கையெழுத்துப் போட்டாள். மூன்று தாள்கள். பேனாவைக் கெட்டியாகப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் கற்றபடி எழுத்து எழுத்தாக எழுதினாள். மேலாளரம்மா பொறுமையாகக் காத்திருந்து, தாள்களை அடுக்கி, கிளிப் மாட்டினார்.

“உங்களுக்கும் ஒரு நல்ல செய்தி வச்சிருக்கேன். எத்தனை நாளைக்கு இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு ஊசியில நூல் கோப்பீங்க? முதுகு திறந்த கவுன் இப்ப ரெடிமேடா வருது. மாடியில நூறு கவுன் வந்து இறங்கியாச்சு. எண்ணும் அங்கேயே பிரிண்ட் போட்டுடலாம். வர்ற ஒண்ணாம் தேதியிலேர்ந்து தையலறை வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். நீங்க சலவையில மடிக்கிற வேலைக்குப் போயிடலாம், உக்காந்தே செய்யலாம்.”

“அப்ப சீட்டு?”

“எந்தச் சீட்டு?”

“மஞ்சச் சீட்டு.”

“அதெல்லாம் இனி எதுக்கு? மாடியிலயே எடுத்து மாட்டிக்குவாங்க.”

ஊசி நாற்காலியின் நுனியில் அப்படியே இருந்தாள். அவள் கையெழுத்து மேசைமேல் இன்னும் காயவில்லை. அந்தத் தாளைத் திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்டால் அக்காவைத் திங்கட்கிழமை காலை அந்தக் குளியலறைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வரவேண்டும். கேட்காவிட்டாலோ, ஒன்பதாம் அறைக்கு இனி என்ன எழுதினாலும், சலவைக்கூடத்தில் துணி மடித்துக்கொண்டு இருக்கிறவளுக்குத் தெரியப்போவதில்லை; வெறும் கட்டிலைப் பார்த்துத்தான் தெரியும்.

“அம்மா” என்றாள். மேலாளரம்மா நிமிர்ந்து பார்த்தார். இந்த ஆள் தானாக வாயைத் திறந்து அவர் பார்த்ததில்லை. “மாடியில ஆள் நிக்க மாட்டேங்குறாங்கன்னு போன்ல சொல்லிக்கிட்டிருந்தீங்களே. அந்த வேலை எனக்குக் குடுங்க.”

“மாடியிலயா? தூக்கணும், புரட்டணும். உங்களால ஆகுமா?”

“எங்கம்மாவை ஏழு வருஷம் புரட்டியிருக்கேன்.”

“யோசிச்சுத்தான் கேக்குறீங்களா? மேல போனவங்க ஒரு மாசம் தாங்க மாட்டேங்குறாங்க.”

“யோசிச்சுத்தான்மா.” முழுதும் யோசித்திருக்கவில்லை. மாடி நர்ஸின் மேசையில்தான் யாருக்குக் கவுன் என்று எழுதும் நோட்டு இருக்கும் என்பது மட்டும் தெரியும். யாருக்குக் கட்டில் தயாராகிறது என்று முதல் நாளே அங்கே பேசிக்கொள்வார்கள். பதினோரு வருடத்தில் அந்தப் படியில் அவள் ஒருமுறைகூட ஏறியதில்லை. துணியைக் கூடையில் வைத்து லிப்டில் அனுப்பிவிடுவாள்.

சேதியைச் சொல்லப் போனபோது அக்கா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். ஊசி கதவைச் சாத்திவிட்டு, தையலறை போனதையும் மாடி வேலை கேட்டதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அக்கா திட்டுவாள் என்று ஊசி எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

“அப்ப எனக்கு முன்னாடி நீ மேல போறே” என்றாள் அக்கா.

“வேலைக்குத்தானேக்கா.”

“போறதுதான் போறே, பஸ்ஸுல துண்டு போடுற மாதிரி எனக்கொரு இடம் பிடிச்சு வை. ஜன்னல் ஓரமா.”

“என்னக்கா பேச்சு இது” என்றாள் ஊசி. அக்கா சிரிக்கவில்லை. யாரோ கதவைத் தட்டாமல் திறந்தார்கள். உடனே அக்காவின் முகம் மாறி, உதட்டில் அந்தப் புதுச் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒன்றாம் தேதி காலை ஊசி படியேறினாள். மேலே பேச்சுச் சத்தமே இல்லை. விசிறி ஓடுகிற சத்தமும் யாரோ மூச்சு வாங்குகிற சத்தமும்தான் கேட்டன. நர்ஸ் கையுறையைக் கொடுத்துவிட்டு, எந்த வரிசை என்று காட்டினாள். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஊசி ஜன்னலோரத்துக் கட்டில்களை எண்ணினாள். மூன்று இருந்தன. மூன்றிலும் ஆள் இருந்தார்கள்.

அவற்றில் ஓரக் கட்டிலில் இருந்த அம்மாளுக்கு முதல் கரண்டி கஞ்சியை ஊட்டினாள். உதடு திறந்தது. கஞ்சி உள்ளே போனது. ஊசி காத்திருந்தாள். அது தொண்டையில் இறங்கவில்லை. வாயைத் திறக்கப் பழகியிருந்த அந்த அம்மாளுக்கு விழுங்க மறந்துபோயிருந்தது.