வராதவர்களின் பெயரையும் வாசித்தவர்

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவுக்கு அழைப்பு வந்தது. கேட்டுவிட்டுத் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "ஆனந்தி செத்துப்போனாவாம். வேலை செய்யேக்கையே விழுந்திட்டாவாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"ஆர் அப்பா அது?" என்று நான் கேட்டேன். கேட்கவேண்டியிருந்தது.

"உனக்குத் தெரியாது. முந்திப் பழக்கம்" என்றார். அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை.

எனக்கு அவரைத் தெரியும். இரண்டு வருடமாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டவுன்டவுன் நூலகத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆனந்தி அன்ரியின் வாசிப்பு வட்டத்துக்குத்தான் போய்வந்தேன். அது வட்டத்தில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த ஞாயிறு அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பேசினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் எல்லோரும் படுத்தபின், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தைத் தொடங்கியது அன்ரியும் அப்பாவும்தான். பிறகு ஒரு கூட்டத்தில், அயர்லாந்தில் விடுதலைக்காக ஒன்றாக நின்றவர்களே பிரிந்து ஒருவரையொருவர் சுட்டதைப் பற்றி அன்ரி பேசினாராம். எங்கள் இயக்கங்களும் அப்படிச் சுட்டுக்கொண்டதை நாங்கள் கதைக்கவேண்டும் என்றாராம். ஊரில் நடந்த போரில் தம்பியை இழந்தவர் என் அப்பா. எழுந்து வெளியே போனவர் திரும்பவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அங்கே போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். அப்பாவை இவ்வளவு கோபப்படுத்தியவர் யார் என்று பார்க்கத்தான் நான் முதலில் போனேன்.

அன்ரி சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை செய்தார். அயர்லாந்தின் முதல் பாராளுமன்றத்தைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று சாப்பாட்டுப் பெட்டியோடு அவருடைய பையில் இருக்கும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாசிப்பார். அயர்லாந்திலிருந்து லண்டன் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர்களில் பெரும்பாலோர், அங்கே போகமாட்டோம் என்று சொல்லி டப்ளினில் தாங்களே ஒரு சபையைக் கூட்டிய கதை அது. அதன் உறுப்பினர்களை அவர் பக்கத்து வீட்டுக்காரர்போலச் சொல்லுவார். "பொம்பிளை ஒராள்தான் பிள்ளை. அவவையும் மறியலில அடைச்சு வைச்சிருந்தவை" என்பார். அந்தப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று நான் தொலைபேசியில் தேடிப்போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்: "இவ்வளவு எழுத்து நிக்குது, பாதி வேலை செய்யேல்லை. எங்கட பக்டரி மாதிரி."

அந்தச் சபையின் முதல் நாளில், தீவு முழுவதும் தெரிவான எல்லோருடைய பெயரையும் வாசித்தார்கள். பலர் சிறையில் இருந்தார்கள். அவர்களுடைய பெயர் வந்தபோது, அந்நியர் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பதில் சொல்லப்பட்டது. அந்தச் சபையே கூடாது என்று மறுத்தவர்களின் பெயர்களும் வாசிக்கப்பட்டன. "வரமாட்டினம் எண்டு தெரிஞ்சும் வாசிச்சவை. அதுதான் பாராளுமன்றம் பிள்ளை. மற்றதெல்லாம் சும்மா கூட்டம்" என்றார் அன்ரி.

அன்றிலிருந்து நம் வட்டத்திலும் பெயர் வாசித்தோம். வாசிப்பது என் வேலை. குகன் மாமா ஒவ்வொரு முறையும் பகிடி பண்ணுவார்: "இருக்கிறது பத்துப் பேர், வாசிக்கிறது இருபது பேர். தேத்தண்ணி ஆறுது ஆனந்தி."

"ஆறினால் சூடாக்கலாம் அண்ணை. நீ வாசி பிள்ளை."

முதல் தடவை நான் அப்பாவின் பெயரை விட்டுவிட்டு வாசித்தேன். அன்ரி கையை உயர்த்தினார். "முதலில இருந்து."

"அவர் விலகிட்டார்தானே அன்ரி?"

"விலகினதெண்டு எழுதித் தந்தவரோ? வரேல்லை, அவ்வளவுதான். பேரைச் சொல்லிப்போட்டுக் கொஞ்சம் பொறு. சில நேரம் ஆக்கள் படியேறி வர நேரமெடுக்கும்."

"சிவபாலன்" என்றேன். எல்லோரும் வாசலைப் பார்த்திருந்தீர்கள். குகன் மாமாவும்தான். பிறகு நான் "வரவில்லை" என்று பெயர்க் கொப்பியில் குறித்தேன். காரணம் எழுதவேண்டாம், அதை அவர் வந்து சொல்லுவார் என்றார் அன்ரி.

போன மாதம் வந்தவுடன் அன்ரி என்னைத் தனியே கூப்பிட்டார். "உன்ர அப்பாவை ஜான்-டலோன் சந்தையில கண்டனான். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிண்டார். நான் தலையாட்டினன். அவரும் ஆட்டினார்." பிறகு என் தோளில் தட்டினார். "அரைவாசி வந்திட்டார்."

அந்தப் பெயர்க் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. பள்ளிப் பையில், பிரெஞ்சுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கொப்பியும், பெயரைச் சொன்னபின் பொறுத்திருக்கும் பழக்கமும்தான்.

இன்று மாலை அப்பா குசினி வாசலில் நின்று அம்மாவிடம், "ஞாயிறு எத்தினை மணிக்காம்?" என்று கேட்டார். "எது?" என்றார் அம்மா. "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் வந்தால், நான் இரண்டு வருடமாகச் சொன்ன பொய் அவருக்கு முன்னாலேயே உடையும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் ஞாயிறு பெயர்களை வாசிப்பேன், ஒன்றையும் விடாமல். அப்பாவின் பெயரைச் சொன்னபின், தயவுசெய்து ஒருவரும் அவருக்காகப் பதில் சொல்லாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.