கறுப்புக்கு ஊசி உண்டா?

கால்நடை மருந்தகத்தில் வேலை என்றால் மாடு, ஆடு, கோழியோடு முடிந்துவிடும் என்று நம்பி வந்த என் சக பாவிகளே, உங்களிடமும் பூனைக்காரர்களைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நிற வைத்தியம்

திருக்கோவிலூர் சாலையில் டீக்கடை வைத்திருக்கும் அஞ்சலை ஒரு நாள் கூடையோடு வந்தார். உள்ளே மூன்று குட்டிகள். ஒன்று சாம்பலில் வரி போட்டது. இன்னொன்று வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என்று திட்டுத் திட்டாக. மூன்றாவது அடுப்புக்கரி. கரிக்குட்டிக்கு என்ன நோய் என்றேன். நிறம்தான் நோயாம். அது குறுக்கே போனால் லாரிக்காரர்கள் கடைப் பக்கமே வர மாட்டார்களாம். நிறத்துக்கு மருந்தில்லை என்றேன்.

"இன்னா சார், நாட்டு மாட்டுக்கு ஊசி போட்டு ஜெர்சி கன்னு போட வெக்கிறீங்க, இத்துனூண்டு பூனைக்கு கலர் மாத்த ஊசி இல்லியா?"

குடும்ப கௌரவம்

தாய் வரிப்பூனையாயிற்றே, கறுப்பு எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி. ஒரே ஈற்றில் குட்டிக்குக் குட்டி தகப்பன் வேறாக இருக்கலாம் என்று என் மேதாவி வாய் உளறிவிட்டது. அஞ்சலை கூடையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என் பூன அப்பிடியாப்பட்டது இல்லீங்க. படிச்சவரு, பாத்துப் பேசுங்க."

மூன்று நிறத்து ஆண்

மறுநாள் அவர் தம்பி ஏழுமலை அதே கூடையோடு வந்தான். மூன்று நிறப் பூனை ராசியாம். ஆனால் ஆணாக இருந்தால்தான் கொண்டுபோவானாம். மூன்று நிறம் என்றால் அநேகமாகப் பெண்தான், இதுவும் பெண்தான் என்றேன். கறுப்பை மட்டும் கோணியில் கட்டிக் கல்வராயன் மலையில் விட்டுவிடப் போவதாகச் சொன்னான். பால் மறக்காத குட்டி அங்கே செத்துத்தான் போகும். பால் மறக்கும்வரையாவது விட்டுவையுங்கள் என்று வெட்கமில்லாமல் கெஞ்சினேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

"ஊசியும் இல்லன்றீங்க, ஆம்பளையும் இல்லன்றீங்க. கவர்மெண்டு ஆஸ்பத்திரில இன்னாதான் சார் இருக்குது?"

ராசி

சில மாதம் கழித்து அந்த வழியாகப் போனேன். கடை வாசலில் வரிசையாக லாரிகள். கறுப்புப் பூனை, நன்றாகக் கொழுத்து, சாலையைச் சாவகாசமாகக் கடந்தது. வந்துகொண்டிருந்த லாரி ஓரங்கட்டியது. சகுனம் சரியில்லை என்றால் இறங்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எதையாவது குடித்துவிட்டுத்தானே கிளம்புவார்கள்? டிரைவர் டீயும் வடையும் கேட்டார். அதை மலையில் விடும் பேச்சை அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது. என்னைப் பார்த்ததும் அஞ்சலை உள்ளே ஓடித் தாய் வரிப்பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், இத்த கறுப்பாக்க ஊசி எதுனா வந்துகீதா?"

ஆக, பூனையின் ராசி அதன் தோலில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருக்கிறது என்பதைத்தான் எங்கள் படிப்பில் சொல்லித்தராமல் விட்டுவிட்டார்கள்.