மேனேஜர் உறுமாத நாள்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். வீட்டில் நான்கு பேர் சேர்ந்து கத்தினாலும் காதில் வாங்க மாட்டார். ஆனால் மேலே எங்கோ ஒரு கம்பிவடம் லேசாக உரசினால் தரைத்தளத்தில் நின்றபடியே சொல்லிவிடுவார். "உங்க அத்தான் ரெண்டு காதையும் மெஷினுக்கு எழுதிக் கொடுத்துட்டாரு" என்பாள் அக்கா.

அவருடைய நாயும் அந்தக் காதால் கிடைத்ததுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு லிஃப்ட்டின் அடியில் இருக்கும் பள்ளத்திலிருந்து முனகல் கேட்டு இறங்கிப் பார்த்திருக்கிறார். கிரீஸ் அப்பிய குட்டி ஒன்று. சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வளர்ந்த பிறகு அது வாசலுக்கு நேரே படுத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரை ஒரு பார்வை பார்ப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யவில்லை. அதனால் மேனேஜர் என்று பெயர் வைத்தோம்.

ஒரு விடுமுறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்த தப்பில் பாதி என்னுடையது என்பதால் இதை நானே சொல்லிவிடுகிறேன்.

வருடக் கடைசி விடுமுறைக்கு நான், என் கணவர், நான்கு வயது மகள் வாண்டு மூவரும் போயிருந்தோம். அத்தானின் தம்பி, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். இரண்டு அறை உள்ள மூன்றாவது மாடி வீட்டில் ஒன்பது பேர். வாசலில் மேனேஜர் படுக்கும் இடத்தில் எங்கள் பெட்டிகளை அடுக்கினோம். அழைப்பு மணி ஓயாமல் அடித்தது. டிவி ஒரு பக்கம், பிள்ளைகளின் ஓட்டம் ஒரு பக்கம். மேனேஜர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் போய் ஒடுங்கிக்கொண்டது. தட்டில் வைத்த சோறு அப்படியே கிடந்தது. பசியில்லாதபோதும் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. யாராவது கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெரிதாகக் கொட்டாவி விட்டது.

"பாருங்க, நாம வேலை செஞ்சு சாகுறோம், மேனேஜருக்குக் கொட்டாவி வருது" என்று நான்தான் முதலில் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்; பயத்திலும் நாய்க்குக் கொட்டாவி வரும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் வாண்டு அதன் காதைப் பிடித்து இழுத்தபோது மேனேஜர் உறுமியது. தொண்டைக்குள்ளேயே, நீளமாக. எனக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கத்தினேன்.

"அத்தான், இது என்ன இப்படி உறுமுது? முதல்ல அதை நிறுத்துங்க. இல்லன்னா நாங்க இப்பவே கிளம்புறோம்."

அக்கா அதற்கு மேல் போனாள். "இங்க பாருங்க. புள்ள மேல ஒரு பல்லு பட்டுச்சுன்னா, இந்த நாய் அப்புறம் இந்த வீட்டுல இருக்காது. சொல்லிட்டேன்."

அத்தான் பழைய செய்தித்தாளைச் சுருட்டி எடுத்தார். அதன்பின் மேனேஜர் உறுமும்போதெல்லாம் "ச்சூ!" என்று அதட்டி, மூக்கில் ஒரு தட்டு. பத்துப் பன்னிரண்டு முறை நடந்திருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் முகம்தான் சுருங்கியது. மூன்றாம் நாள் காலையில் உறுமல் சுத்தமாக நின்றுவிட்டது. வாண்டு வாலைப் பிடித்தாள், சத்தமே இல்லை. "இப்பத்தான் நாயா லட்சணமா இருக்கு" என்றேன். சொன்ன வாயில் இன்றைக்கு அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அன்று மதியம் நான்கு தெரு தள்ளி ஒரு கட்டிடத்திலிருந்து அத்தானுக்கு அழைப்பு வந்தது. விடுமுறைக் கூட்டம், லிஃப்ட் தடுமாறுகிறது என்றார்கள். மருந்துக் கடை அந்த வழிதான் என்பதால் நானும் கூடப் போனேன். மற்ற பெரியவர்கள் கடைத்தெருவுக்குப் போயிருக்க, வீட்டில் அக்கா மட்டும் இருந்தாள்; வாண்டு மற்ற பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

அத்தான் லிஃப்ட்டின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்த்தார். அதிக ஆள் ஏறினால் மணி அடிக்கும், லிஃப்ட் நகராது. அந்த மணியின் வயரை யாரோ கழற்றி விட்டிருந்தார்கள். கட்டிடத்தின் செயலாளர் கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொண்டார்.

"நாள் முழுக்க கத்துதுங்க. வந்தவங்க எல்லாம் எரிச்சல் படுறாங்க. அதான் கழட்டிட்டோம்."

சாதுவான எங்கள் அத்தான் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இப்படி வயர் கழற்றிய லிஃப்ட் ஒன்று இரண்டு மாடி சறுக்கி இறங்கியதையும், உள்ளே கால் முறிந்து கிடந்த பெண்மணியையும் அவர் மறந்ததே இல்லை.

"சத்தம் போட்டா அது கோளாறு இல்ல சார். முடியல, முடியலன்னு சொல்லுது. மணியை நிறுத்திட்டா பாரம் குறைஞ்சிடுமா? பாரம் அப்படியேதான் இருக்கும். இனிமே சொல்லாம..."

பாதியில் நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"வாண்டு எங்க?" என்றார் என்னிடம்.

"வீட்டுலதான்..."

"நான் மணியைக் கழட்டிட்டேன்மா" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார்.

அந்த இடத்திலேயே எனக்கும் புரிந்துவிட்டது. நான்கு தெருவும் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. அக்காவுக்குப் போன் அடித்தேன். டிவி சத்தத்தில் எடுக்கவில்லை. அக்கா வீட்டு லிஃப்ட் மேலேயே நின்றது. மாடிப்படியில் ஏறும்போது வாண்டுவின் முகம் மட்டும்தான் கண்ணில் நின்றது. அந்தக் கன்னம். கடவுளே, அந்தக் கன்னம்.

கதவைத் திறந்தால், பெரிய பிள்ளைகள் இருவரும் டிவி முன்னால். அக்கா அடுப்படியில். "வாண்டு?" என்றேன். "மேனேஜர்கூட விளையாடுது" என்றாள் அக்கா, திரும்பாமலேயே.

பீரோச் சந்தில் இருந்தாள். மேனேஜரின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அதன் முகத்தோடு முகம் வைத்து ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். மேனேஜர் அசையவில்லை. வாய் இறுக மூடியிருந்தது. உடம்பு மரக்கட்டையாக விறைத்திருந்தது. கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. பின்னால் சுவர், ஒரு பக்கம் பீரோ. அது போக வழியே இல்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

நான் கத்த வாயைத் திறந்தேன். அத்தான் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். "கத்தாதே. கிட்டப் போகாதே" என்றார் மூச்சோடு. அவர் கை குளிர்ந்திருந்தது.

பிறகு சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். நாயைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி. அவரும் வாண்டுவும் தினமும் விளையாடும் விளையாட்டு ஒன்று உண்டு. அந்தக் குரலை எடுத்தார்.

"லிஃப்ட் கிளம்பப் போகுது. கதவு மூடுது. கை எல்லாம் எங்க இருக்கணும்?"

வாண்டு பாட்டை நிறுத்தினாள். கழுத்திலிருந்து ஒரு கை வந்தது. அப்புறம் இன்னொன்று. இரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"சமத்து. இப்ப மெதுவா எழுந்து வெளிய வாங்க. ஒண்ணு... ரெண்டு..."

ஏழு அடிதான் இருக்கும். அந்த ஏழு அடியை வாழ்நாளில் மறக்க மாட்டேன். கைக்கு எட்டியதும் பிள்ளையை அள்ளிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. "பெரியப்பா, எந்த மாடி வந்துருச்சு?" என்று கேட்டாள்.

அத்தான் மேனேஜரின் பக்கம் மெல்லக் கையை நீட்டினார். அந்தக் கையைக் கண்டதும் மேனேஜர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூக்கைச் சுவரோடு ஒட்டித் திருப்பியது. அடி விழும் என்று காத்திருந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னைப் பார்த்தே பயப்படுதும்மா" என்றார். பதினோரு வருடம் வளர்த்த மனிதர், முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அன்று சாயங்காலமே உள்ளறையைக் காலி செய்தோம். ஒன்பது பேரும் கூடத்தில் படுத்துக்கொண்டோம்; யாரும் முணுமுணுக்கவில்லை. அறையில் மேனேஜரின் பழைய சாக்கு, தண்ணீர், வழக்கமான நேரத்தில் சோறு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தன் வேலைப் பையிலிருந்த பலகையைக் கதவில் மாட்டினார் அத்தான்: "வேலை நடக்கிறது. யாரும் உள்ளே வரக் கூடாது." அவர் மட்டும் போவார். தொட மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். செய்தித்தாளை வீட்டுக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். இரண்டாம் நாள்தான் தட்டு காலியானது.

நாங்கள் ஊருக்குக் கிளம்பிய காலையில், பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கதவைக் கடந்தேன். சக்கரம் தரையில் கடகடத்தது. உள்ளேயிருந்து உறுமல் வந்தது. தொண்டைக்குள்ளேயே, நீளமாக.

 அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அத்தானின் கை பழக்கத்தில் பாதி எழுந்து, அப்படியே நின்றது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனேன். உறுமல் நின்றது.

"அத்தான்," என்றேன், "மணி அடிக்குது."

அவர் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.