படகுக்கு அடித்த நீலம்

சாரம் பகுதியில் கட்டிய புது வீட்டுக்கு நிறம் பார்க்கப் பெயிண்ட் கடைக்குப் போயிருந்தேன். வண்ண அட்டையில் ஒரு நீலத்தின் மேல் விரல் நின்றுவிட்டது.

அது அப்பாவின் நீலம். குருசுக்குப்பத்தில் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை அவர் எங்கள் வீட்டுச் சுவருக்கு அடிப்பார். அந்த வாடை சோற்றில்கூட ஒரு வாரம் இருக்கும்.

ஆறாம் வகுப்பில் டவுன் நண்பன் ஒருவன் எங்கள் தெருவுக்கு வந்தான்.

"உங்க வூடு எதுடா?"

பக்கத்து வெள்ளை வீட்டைக் காட்டினேன். எங்கள் வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

"அந்த வூட்ல யாரும் இல்ல தம்பி. இங்க வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார், யாரோ போல.

நண்பன் குடித்தான். "யாருடா அவரு?" என்று என்னிடம் கேட்டான்.

"பக்கத்து வூட்டுக்காரரு."

அந்தப் பொங்கலுக்கு அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். ஏணியிலிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே ரெண்டும் வெள்ளதான். எதக் காட்டினாலும் சரியா இருக்கும்."

கடைக்காரர் அட்டையை எட்டிப் பார்த்தார். "அது வேணாம் சார், போட்டுக்கு அடிச்ச மாதிரி இருக்கும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு, வெள்ளையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன்.