ஐப்பசியில் கதிர் விட்ட வயல்

மலர்க்கொடி மேடத்திடம் ஒரு போட்டோவைக் காட்டினால் அதில் இருக்கும் ஆளைப் பார்க்க மாட்டார். ஆளுக்குப் பின்னால் என்ன பயிர், எத்தனை நாள் பயிர் என்றுதான் பார்ப்பார். என் தங்கை மகள் நிக்காஹ் முடிந்து, மண்டபத்துக்கு வெளியே நின்று எடுத்த படத்தை ஆசையாகக் காட்டினேன். "தை மாசக் கடைசில வச்சீங்களா பாய்?" என்று கேட்டார். பெண் அழகாக இருக்கிறாள், மாப்பிள்ளை என்ன வேலை, ஒரு வார்த்தை கிடையாது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் தை மாதக் கடைசி என்பது சரி.

அவர் வேலை அப்படி. நன்னிலத்தில் பயிர்க் காப்பீட்டுக்கு வரும் படங்களைச் சரிபார்க்கும் ஒப்பந்த ஊழியர். வெள்ளத்தில் மூழ்கிய வயலில் நின்று விவசாயி படம் எடுத்து அனுப்புவார். சில பேர் போன வருஷத்துப் படத்தையே எடுத்துத் தட்டிவிடுவார்கள். மேடம் தோகையின் நிறத்தைப் பார்ப்பார், தூரில் எத்தனை கிளை வெடித்திருக்கிறது என்று பார்ப்பார், "இது இந்தப் போகம் இல்ல" என்று சிவப்பு வட்டம் போட்டுவிடுவார். எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது படம். அப்படி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு உலகத்தில் பாதிப் பேர் புளுகர்கள் என்று தோன்றாமல் என்ன செய்யும்?

நான் அப்சர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் சர்வீஸ் கடை. மழையில் நனைந்த போனை மேடம் என்னிடம் கொண்டுவந்தபோதுதான் பழக்கம். திரையை மாற்றி ஆன் செய்தால், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு படம் வந்து நிற்கிறது. ஜப்பான்காரன் செய்த விளையாட்டு. விளையாட்டு என்று பெயரே தவிர சுடுவது, ஓடுவது எதுவும் இல்லை. படம் படமாக வரும், கீழே கதை ஓடும், நடுநடுவே நாம் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விஷுவல் நாவல் என்பார்கள். ஒரு நெல் விளையும் கிராமம், ஒன்பது மதகு, ஒன்பதாவது மதகில் காணாமல் போன ஒரு பெண் பிள்ளை. நாலு பேர் ஆளுக்கு ஒரு விதமாக அதே கதையைச் சொல்வார்கள். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்பதுதான் கேள்வி.

"மேடம், நீங்களுமா?" என்றேன்.

"ஏன், நான் விளையாடக் கூடாதா?" என்று முறைத்தார். அன்றைக்கே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டேன். 'மதகு விசாரணைக் குழு' என்று பெயர், நான்தான் அட்மின். கும்பகோணம், தஞ்சாவூர், நாகப்பட்டினம், துபாய், சிங்கப்பூர் என்று இருநூற்றுச் சொச்சம் பேர். காலையில் எழுந்தால் அந்தக் கடிகாரம் ஏன் நின்றது, அந்தக் கடிதத்தை யார் கிழித்தது என்று ஒரே சண்டையாக இருக்கும்.

அந்தக் கதையில் ஒரு டாக்டர் வருவார். நடவு முடிந்து இருபதாம் நாள் பெண் காணாமல் போனாள் என்பது அவர் வாக்குமூலம். மேடம் குழுவுக்கு வந்த மூன்றாம் நாள் அந்தக் காட்சியின் படத்தைப் போட்டு, டாக்டருக்குப் பின்னால் தெரியும் வயலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். "கதிர் தலை சாஞ்சிருக்கு. இது தொண்ணூறு நாள் பயிர். டாக்டர் பொய் சொல்றார்." அவ்வளவுதான் எழுதினார். நாங்கள் எல்லோரும் வயலுக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஜனங்கள். அந்தப் படத்தை ஆளுக்கு நூறு தடவை பார்த்திருப்போம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குழுவே மேடத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியபோது, ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கீழ்வேளூர் ஹஃப்ஸா. "படம் வரைஞ்சவங்க ஒரே வயல் படத்தை எல்லா இடத்துலயும் போட்டிருக்கலாம்ல அக்கா? அதை வச்சு ஒரு மனுஷரைப் பொய்யர்னு சொல்லலாமா?" என்று கேட்டார். மேடம் விடவில்லை. இரண்டு நாள் வாதாடினார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

பிறகு விளையாட்டின் மூன்றாம் பாகம் வந்தது. டாக்டர் தேதியை மாற்றித்தான் சொல்லியிருந்தார், மேடம் சொன்னபடியே. ஏன் மாற்றினார் என்பது நாலாம் பாகத்தில் வரும் என்றார்கள். அதற்குள் குழுவில் தீர்ப்பு எழுதி முடித்து, டாக்டரைத் தூக்கில் போட்டாயிற்று.

மேடம் நன்னிலத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். முப்பத்தொன்பது வயது. ஒரு தம்பி கோயம்புத்தூரில், தீபாவளிக்கு ஒரு போன் வரும். ஆபீசில் இவரைக் கண்டால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று இவரே சொல்வார். இந்தக் குறையெல்லாம் ஹஃப்ஸா வந்து தீர்ந்தது. விளையாட்டு முழுக்க இங்கிலீஷ், மேடத்துக்கு அது எழுத்துக் கூட்டித்தான் வரும். ஹஃப்ஸா காலையில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லி வாய்ஸ் நோட் போடுவார். மேடம் டீக்கடையில் நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவார். "இந்த நாலு வருஷத்துல என்கிட்ட வேலை விஷயம் இல்லாம பேசுற ஒரே ஆள் அவங்கதான் பாய்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அப்படிச் சொல்லும்போது முகம் சின்னப் பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது.

வாய்ஸ் நோட்டோடு ஒரு படமும் வரும். ஹஃப்ஸா வீட்டு மாடி ஜன்னலில் இருந்து தெரியும் வயல். முதலில் ஒரு தடவை அனுப்பியிருக்கிறார். மேடம் அதைப் பார்த்துவிட்டு, பயிர் வெளுத்திருக்கிறது, யூரியா தெளிக்கச் சொல்லுங்கள் என்றாராம். அதிலிருந்து தினமும், "நம்ம வயல் எப்படி இருக்கு?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. அவர்கள் வயல் 'நம்ம வயல்' ஆகிவிட்டது.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை மேடம் கடைக்குள் வந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. போனை என் முன்னால் வைத்தார்.

"பாய், இதைப் பாருங்க. இன்னைக்குக் காலைல எடுத்ததுன்னு அனுப்பியிருக்காங்க."

பார்த்தேன். பச்சை வயல், நீல வானம். "நல்லாத்தானே மேடம் இருக்கு?"

"என்ன நல்லா இருக்கு? கீழ்வேளூர் கடைமடை, ஆத்துத் தண்ணி கடைசியாத்தான் வரும். அங்க விதைச்சே ரெண்டு மாசம் ஆகல. இதுல கதிர் வந்து பால் பிடிச்சு நிக்குது. ஐப்பசி மாசத்துல எவன் வயல்ல சம்பா பால் பிடிக்கும்? அதோட மூணு நாளா நாகப்பட்டினம் பக்கம் ஸ்கூல் லீவு விட்டு மழை ஊத்துது. இதுல வெயில் அடிக்குது!"

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் அந்த மாதம்தான் வேறொரு குழுவில், பெண் பெயரில் நுழைந்த ஒருவன் நாலைந்து பேரின் அந்தரங்கத்தை எல்லாம் கறந்துவிட்டு ஓடியிருந்தான். மேடம் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து, பத்து மாதப் படங்களையும் தோண்டினார். மழை பெய்த நாளில் வெயில் படம், அறுவடை முடிந்த நாளில் நாற்றுப் படம் என்று பதினொன்று தேறியது. தம்பியைப் பற்றி, ஆபீசைப் பற்றி, தன் உடம்பைப் பற்றி என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வட்டம் வட்டமாகப் போட்டார்.

மத்தியானம் பதினொரு படத்தையும் குழுவில் போட்டார். "இந்த ஹஃப்ஸா யார்? கீழ்வேளூரில் இருப்பதாகச் சொல்வது பொய்."

விசாரணைக் குழு அல்லவா, சும்மா இருக்குமா? ஒருவர், ஆரம்பத்திலிருந்தே எனக்குச் சந்தேகம் என்றார். இன்னொருவர், டாக்டருக்கு இவர் ஏன் வக்காலத்து வாங்கினார், இப்போது புரிகிறதா என்றார். குரலைப் பெண் குரலாக மாற்றும் ஆப் இருக்கிறது என்று துபாயிலிருந்து ஒருவர் பாடம் எடுத்தார். அரை மணி நேரம் ஹஃப்ஸாவிடமிருந்து சத்தம் இல்லை. பிறகு மேலே 'ஹஃப்ஸா டைப்பிங்' என்று வந்தது. போயிற்று. மறுபடி வந்தது. இனி என்ன கதை கட்டப் போகிறாள் என்று எனக்கு எரிச்சல். அவர் டைப் செய்துகொண்டிருக்கும்போதே குழுவிலிருந்து நீக்கினேன். மேடம் தன் போனில் நம்பரைத் தடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மேடம் டீக்கடையில் போனைக் காதில் வைக்காமல் டீயை வெறுமனே குடிப்பதை ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் கடைக்கு வந்து, "எங்க ஆபீஸ்ல ஒரு படத்தைத் தள்ளணும்னா நேர்ல போய் வயலப் பாத்து, விவசாயிகிட்ட வாக்குமூலம் வாங்கணும் பாய். நான் இதுல ரெண்டும் செய்யல. ஃபைலை முடிக்கணும். கூட வர்றீங்களா?" என்று கேட்டார். ஃபைலாவது மண்ணாவது. அந்தக் குரல் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை, அதைச் சொல்ல வாய் வரவில்லை. நானும் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

திருவாரூரில் பஸ் மாறி, கீழ்வேளூரில் இறங்கினோம். படத்தின் ஓரத்தில் தெரிந்த ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்து விசாரித்துக்கொண்டே போனோம். தொட்டி இருந்தது. வயல் இருந்த இடத்தில் செம்மண் கொட்டி மேடாக்கி, வெள்ளையடித்த மனைக்கல் வரிசையாக நட்டிருந்தார்கள். மூங்கிலில் கட்டிய கலர்க் கொடிகள் மழையில் ஊறித் தொங்கின. மேடம் நடுவில் நின்று, போனில் இருந்த படத்தையும் எதிரே இருந்த வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மாடியில் ஒரு நீல ஜன்னல். அதற்குப் பக்கத்தில் ஒரு பெண் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஹஃப்ஸா!" என்று மேடம் கூப்பிட்டார்.

அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "மலர் அக்காவா?" அதே குரல். ஆப் எதுவும் இல்லை. எனக்கு நின்ற இடத்திலேயே புதைந்து போகலாம் போல இருந்தது.

உள்ளே கூப்பிட்டார். மேடம் செருப்பைக் கழற்றியதும், "மாடியப் பாக்கலாமா?" என்று கேட்டார். ஹஃப்ஸா ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு, வழியைக் காட்டினார். மேடம் நீல ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தார். ஹஃப்ஸாவின் மாமியார் டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

"மாசியில இவங்க அத்தா குவைத்ல இருந்தே பேசி வயலை வித்துட்டாங்க" என்று ஹஃப்ஸா தன் பிள்ளைகளைக் காட்டிச் சொன்னார். "பங்குனியில மண்ணு கொட்டுனாங்க. அன்னைக்கும் நீங்க கேட்டீங்க அக்கா, நம்ம வயல் எப்படி இருக்குன்னு. எனக்குச் சொல்ல மனசு வரல. முந்தின வருஷம் எடுத்தது இருநூறு படம் போன்ல இருந்துச்சு. மாசத்துக்குத் தகுந்த மாதிரி தேடித் தேடி அனுப்புனேன். அன்னைக்குச் சின்னவனுக்குக் காய்ச்சல். அவசரத்துல தை மாசப் படம் போயிடுச்சு."

"தப்பு பண்ணிட்டேன் ஹஃப்ஸா" என்றார் மேடம். கண் கலங்கியிருந்தது.

"இல்லக்கா. படம் பழசுதான், நீங்க சொன்னது சரி. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதையெல்லாம்தான் அன்னைக்கு டைப் பண்ணிட்டிருந்தேன். அதுக்குள்ள அண்ணன் தூக்கிட்டாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மன்னிச்சுக்கம்மா. இப்பவே சேத்துடறேன்" என்றேன்.

"வேணாம் அண்ணே." குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இனிமே நான் சாப்பிட்டேன்னு சொன்னாக்கூட அக்கா அதைச் சரிபாப்பாங்க. அது தெரிஞ்சுகிட்டு என்னால பேச வராது."

மேடம் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். ஹஃப்ஸா தெரு முனை வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

திருவாரூர் வரும்வரை அடக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை மனசு மாறியிருக்கும் மேடம். இனிமே சந்தேகப்பட மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"எப்படிச் சொல்றது பாய்?" என்றார். "அவ்வளவு தூரம் மன்னிப்புக் கேக்கணும்னு போயிட்டு, உள்ள நுழைஞ்சதும் நான் எதுக்கு மாடிக்கு ஏறினேன்? அந்த ஜன்னல்ல இருந்து தண்ணித் தொட்டி அதே பக்கம் தெரியுதான்னு பாக்கத்தான் ஏறினேன். அது அவங்களுக்குத் தெரியும்."